நோட் இமேஜை இளைக்க வைக்கும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நோட் ஜேஎஸ் சர்வருக்கு டாக்கர் இமேஜ் (ஆப்பையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை) கட்டுகிறவர்கள் இரண்டு முறை மாட்டிக்கொள்வார்கள். இமேஜ் ஊதிப்போய்க் கிடக்கும்போது ஒரு முறை, அதைப் பிடித்து இளைக்க வைத்த பிறகு இன்னொரு முறை. முதலாவது வெறும் எரிச்சல். இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும், ஏனென்றால் அப்போது வரும் பிழைச் செய்திகள் உண்மையான காரணத்தை நேராகச் சொல்வதில்லை. கண்ணெதிரே இருக்கிற கோப்பை இல்லை என்று சாதிக்கும். அதனால் காரணத்தை வைத்துப் பிரிக்காமல், திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்த பகுதிக்கு நேராகப் போய்விடலாம். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஆப் சின்னது, இமேஜ் ஒரு ஜிபிக்கு மேல்

வெட்டுவதற்கு முன் எடை போடுங்கள். "டாக்கர் ஹிஸ்டரி" என்று அடித்து இமேஜின் பெயரைக் கொடுத்தால், எந்த வரியால் எத்தனை எம்பி சேர்ந்தது என்று லேயர் லேயராக, அதாவது அடுக்கு அடுக்காகக் காட்டும். அடியில் இருப்பது பேஸ் இமேஜ் (நீங்கள் கட்டத் தொடங்கும் அடித்தள இமேஜ்), உச்சியில் இருப்பது கடைசியாக நீங்கள் சேர்த்தது. ஒவ்வொரு லேயருக்குள்ளும் எந்தக் கோப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் "டைவ்" என்ற கருவி இருக்கிறது.

எடை பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும்: பேஸ் இமேஜ், நோட்_மாட்யூல்ஸ் (ஆப் நம்பியிருக்கும் பொதிகள் நிறுவப்படும் அடைவு), தெரியாமல் காப்பியாகிவிட்ட குப்பை. டாக்கர்ஃபைலில் (இமேஜ் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பில்) "ஃப்ரம் நோட்:22" என்று மட்டும் எழுதியிருந்தால் முதல் இடத்தில்தான் பிரச்சினை. அந்த டேக் (இமேஜின் பதிப்புப் பெயர்) முழு டெபியன் லினக்ஸ் மேல் நிற்கிறது. சி கம்பைலர், பைத்தான், கிட், இமேஜ்மேஜிக், தரவுத்தள ஹெடர் கோப்புகள் என்று, எதையும் கம்பைல் செய்யத் தோதாக ஒரு பட்டறையே உள்ளே இருக்கும். விரித்தால் 1 ஜிபியைத் தாண்டும். அதே பெயரோடு "-ஸ்லிம்" சேர்த்தால் ஏறத்தாழ 200 முதல் 250 எம்பி, "-ஆல்பைன்" (ஆல்பைன் என்ற சிறு லினக்ஸ்) சேர்த்தால் 150 எம்பி அளவில் வரும். பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். இதில் நோட் பைனரி மட்டுமே சுமார் 100 எம்பி என்பதை நினைவில் வையுங்கள். நோட் ஆப்புக்கு 20 எம்பி இமேஜ் வேண்டும் என்று யாராவது கேட்டால், அவர் சின்ன பைனரியாகவே கட்டும் கோ மொழிக்காரரோடு பேசிவிட்டு வந்திருக்கிறார்.

எண்களை ஒப்பிடும்போது ஒரு கவனம். ரெஜிஸ்ட்ரி (இமேஜ்களைச் சேமித்துப் பகிரும் கிடங்கு) பக்கத்தில் தெரிவது சுருக்கிய அளவு. உங்கள் கணினியில் "டாக்கர் இமேஜஸ்" காட்டுவது வழக்கமாக விரித்த அளவு. இதையும் அதையும் பக்கத்தில் வைத்து "பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்று அறிவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு முறை அறிவித்திருக்கிறேன்.

ஸ்லிம், ஆல்பைன் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட பேஸ் லேயரில்தான் இருக்கிறது, அதாவது 70 எம்பி சொச்சம். பேஸ் லேயர் ஒரு மெஷினில் ஒரு முறை இறங்கினால் போதும். அதே பேஸில் கட்டிய பத்து சேவைகளும் அதைப் பகிர்ந்துகொள்ளும். நோட்_மாட்யூல்ஸ் லேயரோ சேவைக்குச் சேவை வேறு. டிப்ளாய் செய்யும்போதெல்லாம் மாறக்கூடியது. ஆகவே ஒரு தடவை சுமக்கும் எடையைக் குறைக்க மல்லுக்கட்டுவதைவிட, தினம் தினம் நெட்வொர்க்கில் ஓடுகிற எடையைக் குறைப்பதுதான் லாபம். நான் எப்போதும் ஸ்லிமில் தொடங்குவேன். ஆல்பைனுக்குப் போவதற்கு அதற்கென்று ஒரு காரணம் வேண்டும்.

அறிகுறி: "ஆர்எம்" போட்டு அழித்தாயிற்று, அளவு அப்படியேதான் இருக்கிறது

டாக்கர்ஃபைலில் ஒவ்வொரு ரன், காப்பி வரியும் தனி லேயர். லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் மாதிரி. மேல் தாளில் மை பூசி மறைத்தால் கீழ்த் தாளில் எழுதியது அழிந்துவிடாது. நீங்கள் "ரன் ஆர்எம்" என்று தனி வரியில் எழுதும்போது டாக்கர் செய்வது, ".டபிள்யூஎச்." என்று தொடங்கும் ஒரு வெற்று அடையாளக் கோப்பை மேல் லேயரில் வைப்பது மட்டுமே. பழைய கோப்பு அதே கனத்தோடு கீழே கிடக்கும்.

எதை உண்டாக்கினீர்களோ அதை அதே ரன் வரியிலேயே அழிக்க வேண்டும். ஏபிடி (டெபியனின் பொதி நிறுவி) மூலம் எதையாவது நிறுவினால், அப்டேட், "--நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்" சேர்த்த இன்ஸ்டால், "/வார்/லிப்/ஏபிடி/லிஸ்ட்ஸ்" அடைவை அழிப்பது, மூன்றையும் இரட்டை ஆம்பர்சேண்ட் போட்டு ஒரே வரியாக்குங்கள். என்பிஎம் (நோட் பொதிகளை நிறுவும் கருவி) கேஷுக்கு இன்னும் நல்ல வழி, டாக்கரின் பில்ட் இயந்திரமான பில்ட்கிட் தரும் கேஷ் மவுண்ட்: ரன் வரியில் "--மவுண்ட்=டைப்=கேஷ்,டார்கெட்=/ரூட்/.என்பிஎம்" என்று கொடுத்தால், இறக்கிய பொதிகள் இமேஜுக்கு வெளியே தங்கும். அடுத்த பில்டுக்கும் பயன்படும், இமேஜில் ஒரு பைட்கூட ஏறாது.

இதே குடும்பத்தில் இன்னொரு திருடன் "சௌன் -ஆர்". உரிமையாளரை மாற்றுவதுதானே என்று தோன்றும். ஆனால் மெட்டாடேட்டா மாறினாலே அந்தக் கோப்பு முழுதாக மேல் லேயருக்கு நகலாகும். 300 எம்பி நோட்_மாட்யூல்ஸ் மீது அதை ஓட்டினால் இமேஜில் இன்னொரு 300 எம்பி. காப்பி வரியிலேயே "--சௌன்=நோட்:நோட்" கொடுத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

அளவைவிடப் பெரிய விபத்தும் இங்கே ஒளிந்திருக்கிறது. பிரைவேட் பொதிகளுக்காக, நுழைவுச் சாவியான டோக்கன் உள்ள ".என்பிஎம்ஆர்சி" கோப்பைக் காப்பி செய்து, இன்ஸ்டால் முடிந்ததும் அடுத்த வரியில் அழித்திருந்தால், டோக்கன் இமேஜுக்குள்தான் இருக்கிறது. இமேஜை இறக்குகிற யாரும் அந்த லேயரைப் பிரித்து எடுத்துவிடலாம். டோக்கனை பில்டுக்கு மதிப்புகளை அனுப்பும் "ஆர்க்" மூலம் கொடுத்தாலும் தப்ப முடியாது. அதே டாக்கர் ஹிஸ்டரியில் பளிச்சென்று தெரியும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இமேஜ் அளவை ஆராயப் போய்த்தான் இப்படி ஒரு டோக்கனைக் கண்டெடுத்தோம். அன்றைக்கு அளவு வேலை நின்றுபோய், டோக்கன் மாற்றும் வேலை தொடங்கியது. சரியான வழி "--மவுண்ட்=டைப்=சீக்ரெட்". அந்த ஒரு ரன் வரி ஓடும் நேரத்துக்கு மட்டும் கோப்பு தெரியும், லேயரில் பதியாது.

அறிகுறி: ஒரே ஒரு வரி திருத்தினேன், என்பிஎம் முழுக்க மறுபடி ஓடுகிறது

"காப்பி . ." என்ற வரி "என்பிஎம் சிஐ"க்கு (லாக் கோப்பின்படி பொதிகளை நிறுவும் கட்டளைக்கு) முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தக் கோப்பைத் தொட்டாலும் அந்த வரியின் கேஷ் செல்லாமல் போகும். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் கூடவே போகும். முதலில் பேக்கேஜ்.ஜேசன், பேக்கேஜ்-லாக்.ஜேசன் இரண்டை மட்டும் காப்பி செய்து, என்பிஎம் சிஐ ஓட்டி, அப்புறம் மீதிக் கோட் வரட்டும்.

வரிசை சரியாக இருந்தும் "காப்பி . ." வரியில் கேஷ் பிடிக்கவில்லை என்றால் ".டாக்கர்இக்னோர்" கோப்பைப் பாருங்கள். அதில் நோட்_மாட்யூல்ஸ், .கிட், .என்வி, டிஸ்ட், டெஸ்ட் அறிக்கைகள், லாக் கோப்புகள் இவையெல்லாம் இருக்க வேண்டும். .கிட் அடைவு ஒவ்வொரு கமிட்டுக்கும் மாறுகிறது. அதை உள்ளே விட்டால் கேஷ் எப்படிப் பிடிக்கும்?

சொந்தக் கணினியில் வேகமாக இருந்து சிஐ மெஷினில் (கோடைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சர்வர்; என்பிஎம் சிஐ கட்டளை அல்ல) மட்டும் மெதுவாக இருந்தால் விஷயம் வேறு. அங்கே ஒவ்வொரு முறையும் புது மெஷின், கேஷ் எதுவும் கிடையாது. இன்ஸ்டால் புதிதாக ஓடும்போது கோப்புகளின் நேரமுத்திரை மாறும்; உள்ளடக்கம் அதேதான் என்றாலும் லேயரின் டைஜஸ்ட் மாறிவிடும். விளைவு, ஒரு எழுத்து மாறாத நோட்_மாட்யூல்ஸ் ஒவ்வொரு டிப்ளாயிலும் ரெஜிஸ்ட்ரிக்கு ஏறி, எல்லா சர்வரிலும் மறுபடி இறங்கும். மேலே நான் சொன்ன "தினம் ஓடுகிற எடை" இதுதான். பில்ட்எக்ஸில் (டாக்கரின் பில்ட் கட்டளையில்) "--கேஷ்-டூ", "--கேஷ்-ஃப்ரம்" இரண்டையும் ரெஜிஸ்ட்ரி வகையில் அமைத்துவிடுங்கள். அதில் "மோட்=மேக்ஸ்" சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் கடைசி ஸ்டேஜின் (அடுத்த பகுதியில் வரும் பில்ட் கட்டத்தின்) லேயர்கள் மட்டும் கேஷில் சேமிக்கப்படும். இன்ஸ்டால் நடப்பதோ முதல் ஸ்டேஜில். கேஷ் வைத்தும் பயனில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு சொல்லை விட்டவர்கள்.

அறிகுறி: "டிஎஸ்சி: நாட் ஃபவுண்ட்" அல்லது "ஹஸ்கி: நாட் ஃபவுண்ட்"

டிஎஸ்சி என்பது டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர், ஹஸ்கி என்பது கிட் ஹுக்குகளை அமைக்கும் பொதி. இரண்டுக்கும் வேர் ஒன்றே: கட்டும்போது தேவைப்படுவதும் ஓடும்போது தேவைப்படுவதும் கலந்துபோனது. 2017-இல் டாக்கர் 17.05-இல் மல்டி-ஸ்டேஜ் பில்ட் (ஒரு ஸ்டேஜில் கட்டி, வேண்டியதை மட்டும் அடுத்ததற்கு எடுப்பது) வந்தது இதைப் பிரிக்கத்தான். நான் வழக்கமாகத் தொடங்கும் வடிவம் இது:

ஃப்ரம் நோட்:22-ஸ்லிம் ஆஸ் பில்ட்
ஒர்க்டிர் /ஆப்
காப்பி பேக்கேஜ்.ஜேசன் பேக்கேஜ்-லாக்.ஜேசன் ./
ரன் என்பிஎம் சிஐ
காப்பி . .
ரன் என்பிஎம் ரன் பில்ட்
ரன் என்பிஎம் ப்ரூன் --ஒமிட்=டெவ்

ஃப்ரம் நோட்:22-ஸ்லிம்
என்வி நோட்_என்வி=ப்ரொடக்‌ஷன்
ஒர்க்டிர் /ஆப்
காப்பி --ஃப்ரம்=பில்ட் /ஆப்/நோட்_மாட்யூல்ஸ் ./நோட்_மாட்யூல்ஸ்
காப்பி --ஃப்ரம்=பில்ட் /ஆப்/பேக்கேஜ்.ஜேசன் ./
காப்பி --ஃப்ரம்=பில்ட் /ஆப்/டிஸ்ட் ./டிஸ்ட்
யூசர் 1000
சிஎம்டி ["நோட்", "டிஸ்ட்/சர்வர்.ஜேஎஸ்"]

டிஎஸ்சி கிடைக்கவில்லை என்றால், "நோட்_என்வி=ப்ரொடக்‌ஷன்" என்பதை முதல் ஸ்டேஜிலேயே, சிஐக்கு மேலே போட்டிருப்பீர்கள். அதைப் பார்த்ததும் என்பிஎம் டெவ் டிபெண்டென்சிகளை (கட்டும்போது மட்டும் தேவைப்படும் பொதிகளை) தவிர்த்துவிடும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் அங்கேதான் இருக்கிறது. அந்த வரியைக் கடைசி ஸ்டேஜுக்கு இறக்குங்கள்.

ஹஸ்கி விவகாரம் இதற்கு நேர் எதிர். கடைசி ஸ்டேஜில் "என்பிஎம் சிஐ --ஒமிட்=டெவ்" ஓட்டுகிறீர்கள்; டெவ் பொதியான ஹஸ்கி இறங்கவில்லை; ஆனால் பேக்கேஜ்.ஜேசனில் உள்ள "பிரிபேர்" ஸ்கிரிப்ட் அதைக் கூப்பிடுகிறது. உடனே 127 என்ற எண்ணோடு பில்ட் விழும். "--இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்" போட்டால் பிழை மறையும். கூடவே இன்ஸ்டால் நேரத்தில் ஸ்கிரிப்ட் ஓட்டி பைனரி கொண்டுவரும் நேட்டிவ் மாட்யூல்களும் (சி போன்ற மொழிகளில் எழுதிக் கம்பைல் செய்தவை) பாதியில் நிற்கும், அது ரன்டைமில்தான் தெரியவரும். அதைவிட, இன்ஸ்டாலுக்கு முன் "என்பிஎம் பிகேஜி டிலீட் ஸ்கிரிப்ட்ஸ்.பிரிபேர்" ஓட்டுங்கள், அல்லது மேலே உள்ளது போல ப்ரூன் செய்து காப்பி செய்யுங்கள்.

கடைசி ஸ்டேஜுக்குப் பேக்கேஜ்.ஜேசன் எதற்கு என்று அதை விட்டுவிடாதீர்கள். "டைப்": "மாட்யூல்" என்பது அதில்தான் எழுதியிருக்கிறது. இல்லாமல்போனால் "கேனாட் யூஸ் இம்போர்ட் ஸ்டேட்மென்ட் அவுட்சைடு எ மாட்யூல்" என்ற பிழை வரலாம். புதிய நோட் பதிப்புகள் கோடைப் பார்த்துத் தாமே ஊகித்துக்கொள்ளும் என்றாலும், அந்த ஊகத்தின் மேல் சர்வரை நிறுத்தி வைப்பது எனக்கு உவப்பில்லை.

அறிகுறி: "இன்வேலிட் எல்ஃப் ஹெடர்", அல்லது இருக்கும் கோப்பை "நோ சச் ஃபைல்" என்கிறது

நேரத்தை அதிகம் தின்னும் அறிகுறி இதுதான். நிதானமாகப் பார்க்கலாம்.

"இன்வேலிட் எல்ஃப் ஹெடர்" என்றால், மேக்கிலோ விண்டோஸிலோ கட்டப்பட்ட நேட்டிவ் பைனரி லினக்ஸ் கண்டெய்னருக்குள் வந்துவிட்டது. எப்படி வந்தது? டாக்கர்இக்னோரில் நோட்_மாட்யூல்ஸ் இல்லை, "காப்பி . ." உங்கள் கணினியில் இருந்ததைக் கொண்டுவந்து, இப்போதுதான் நிறுவியதன் மேல் கொட்டிவிட்டது. டாக்கர் கம்போஸில் டெவலப்மென்ட்டுக்காகப் ப்ராஜெக்ட் அடைவை மவுண்ட் செய்திருந்தாலும் இதேதான் நடக்கும். அங்கே "/ஆப்/நோட்_மாட்யூல்ஸ்" என்ற இடத்துக்குத் தனி வால்யூம் ஒன்று கொடுத்தால், கண்டெய்னரில் நிறுவியது மறையாமல் இருக்கும்.

அடுத்தது ஆல்பைன் வகை. ஸ்லிம் ஸ்டேஜில் இன்ஸ்டால் செய்து, ஆல்பைன் ஸ்டேஜுக்குக் காப்பி செய்திருக்கிறீர்கள். ஓட்டினால் "எரர் லோடிங் ஷேர்டு லைப்ரரி எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2: நோ சச் ஃபைல்". சில சமயம் பைனரியின் பெயரைச் சொல்லியே "நாட் ஃபவுண்ட்" என்று வரும். எல்எஸ் போட்டுப் பார்த்தால் பைனரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். இல்லாமல்போனது பைனரி இல்லை. அதை ஏற்றி ஓட வைக்கும் லோடர். டெபியன் நம்பியிருப்பது கிளிப்சி என்ற சி லைப்ரரியை, ஆல்பைன் நம்பியிருப்பது மஸ்ல் என்ற வேறொன்றை. இரண்டுக்கும் லோடரின் பெயரும் வேறு, இடமும் வேறு. திசை மாறினாலும் இதே கதைதான்: ஆல்பைனில் கட்டி டெபியனில் ஓட்டினால் "லிப்சி.மஸ்ல்" கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வரும். சந்தேகம் இருந்தால், புகார் செய்யும் ".நோட்" கோப்பின் மேல் "எல்டிடி" ஓட்டிப் பாருங்கள், எது கிடைக்கவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடும்.

தீர்வு எளிது: இன்ஸ்டால் நடக்கும் ஸ்டேஜும் ஓடும் ஸ்டேஜும் ஒரே சி லைப்ரரியில் இருக்க வேண்டும். ஆல்பைனில் "ஜிகம்பாட்" நிறுவி ஒப்பேற்றலாம் என்ற யோசனை அடிக்கடி கண்ணில் படும். சில நேரம் வேலை செய்யும். பளு ஏறிய நேரத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் எங்கே தேடுவது என்பதையும் யோசித்துக்கொண்டு போடுங்கள்.

ஷார்ப் (படங்களைக் கையாள்வது), ரோலப் (கோடைக் கட்டுவது) போன்றவை வேறு முறையைக் கையாள்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தயார் பைனரியைத் தனிப் பொதியாக வைத்து, ஆப்ஷனல் டிபெண்டென்சியாக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் "கேனாட் ஃபைண்ட் மாட்யூல் @ரோலப்/ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-மஸ்ல்" என்பது மாதிரியான பிழை. லாக் கோப்பு மேக்கில் உருவாகும்போது, ஏற்கெனவே இருந்த நோட்_மாட்யூல்ஸைப் பார்த்து என்பிஎம் மற்றத் தளங்களின் பதிவுகளை விட்டுவிட்டிருக்கும். என்பிஎம்மில் இது பலர் அறிந்த பழைய கோளாறு. ரோலப்பின் பிழைச் செய்தியே அதைக் குறிப்பிடுகிறது. நோட்_மாட்யூல்ஸ், லாக் கோப்பு இரண்டையும் நீக்கிவிட்டு இன்ஸ்டாலை மறுபடி ஓட்டி, புது லாக் கோப்பைக் கமிட் செய்யுங்கள். பதிப்புகள் நகர்ந்திருக்கும் என்பதால் டெஸ்ட்டையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

தயார் பைனரி கிடைக்காத மாட்யூல் என்றால் நோட்-ஜிப் அந்த இடத்திலேயே கம்பைல் செய்ய முயலும். "ஜிப் எரர் ஃபைண்ட் பைத்தான்" என்று அலறினால், பட்டறைச் சாமான் இல்லை என்று பொருள். பைத்தான்3, மேக், ஜி++ மூன்றையும் பில்ட் ஸ்டேஜில் மட்டும் நிறுவுங்கள். கடைசி ஸ்டேஜில் அவற்றுக்கு வேலை இல்லை.

ஆல்பைன் பற்றி இன்னும் மூன்று சங்கதிகள். அதிகாரப்பூர்வ நோட் ஆல்பைன் இமேஜில் இருக்கும் மஸ்ல் பைனரி, நோட் திட்டத்தின் "அன்அஃபிஷியல் பில்ட்ஸ்" பிரிவிலிருந்து வருகிறது. முதல் நிலை ஆதரவு உள்ள கிளிப்சி பைனரிக்கு நடக்கும் சோதனை அளவுக்கு இதற்கு நடப்பதில்லை. இரண்டாவது டிஎன்எஸ்: மஸ்ல் 1.2.4-க்கு முன்னால், யுடிபி பொட்டலத்தில் அடங்காத பெரிய பதில் வந்தால் டிசிபிக்கு மாறிக் கேட்கத் தெரியாது. குறிப்பிட்ட ஒரு பெயருக்கு மட்டும், ஆல்பைனில் மட்டும் "ஈநாட்ஃபவுண்ட்" (பெயர் கிடைக்கவில்லை) வந்தால் இதைச் சந்தேகியுங்கள். 2023-இல் வந்த ஆல்பைன் 3.18 முதல் இது சரியாகிவிட்டது, ஆகவே பேஸைப் புதுப்பித்தால் போதும். மூன்றாவது, மஸ்ல் புதுத் திரெட்டுக்கு இயல்பாக ஒதுக்கும் ஸ்டாக் 128 கேபி. கிளிப்சியில் வழக்கமாக 8 எம்பி. தானே திரெட் உண்டாக்கி ஆழமாக ரிகர்ஷன் செய்யும் நேட்டிவ் ஆடான் இங்கே காரணம் சொல்லாமல் விழும்.

அறிகுறி: ஸ்லிமுக்கு மாறியதும் "ஸ்பான் கிட் ஈநோஎன்ட்", "கர்ல்: நாட் ஃபவுண்ட்"

ஸ்லிமில் கிட்டும் இல்லை, கர்லும் இல்லை. டிபெண்டென்சிகளில் ஒன்று கிட் முகவரியிலிருந்து நேராக இறங்குகிறது என்றால் பில்ட் ஸ்டேஜில் கிட் நிறுவுங்கள். சிஏ-சர்டிஃபிகேட்ஸ் பொதியையும் சேர்த்து நிறுவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பிழை சர்டிஃபிகேட் பெயரில் வரும். நோட் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் அதற்கு இந்தக் கவலை கிடையாது. அதனால்தான் நோட் கோரிக்கைகள் ஒழுங்காகப் போய், கிட் மட்டும் முரண்டு பிடிக்கும் குழப்பம் வருகிறது.

ஹெல்த்செக்குக்காக (ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக) மட்டும் கர்லை நிறுவாதீர்கள். நோட் 18 முதல் ஃபெட்ச் உள்ளேயே இருக்கிறது. பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி "நோட்" கொண்டே ஓட்டலாம். குபெர்னெட்டிஸில் (பல சர்வர்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பில்) ஓட்டுகிறீர்கள் என்றால் டாக்கர்ஃபைல் ஹெல்த்செக்கை அது பார்ப்பதே இல்லை, வரியையே எடுத்துவிடலாம்.

அறிகுறி: டிஸ்ட்ரோலெஸில் "கேனாட் ஃபைண்ட் மாட்யூல் /ஆப்/நோட்"

ஷெல்கூட இல்லாத, கூகுளின் டிஸ்ட்ரோலெஸ் நோட் இமேஜில் என்ட்ரிபாயின்ட் (கண்டெய்னர் தொடங்கும்போது ஓடும் கட்டளை) ஏற்கெனவே நோட்தான். நீங்கள் சிஎம்டியில் மறுபடி "நோட்" என்று எழுதினால், அதை ஓட்ட வேண்டிய ஸ்கிரிப்ட்டின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. சிஎம்டியில் "டிஸ்ட்/சர்வர்.ஜேஎஸ்" மட்டும் இருக்கட்டும்.

"எஸ்ஹெச்: எக்ஸிகியூட்டபிள் ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்றால் சிஎம்டியையோ ஹெல்த்செக்கையோ சதுர அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அந்த வடிவத்துக்கு ஷெல் வேண்டும், இங்கே ஷெல் கிடையாது. உள்ளே நுழைந்து பார்க்க வேண்டுமானால் "டீபக்" டேகில் பிஸிபாக்ஸ் ஷெல் இருக்கிறது. குபெர்னெட்டிஸில் "கியூப்சிடிஎல் டீபக்" மூலம் பக்கத்தில் இன்னொரு கண்டெய்னரை ஒட்டிப் பார்க்கலாம். டிஸ்ட்ரோலெஸின் உண்மையான லாபம் எம்பியில் இல்லை. பாதுகாப்பு ஸ்கேனர் குற்றம் கண்டுபிடிக்க உள்ளே பொதிகளே குறைவு என்பதுதான் அதன் அருமை. இது டெபியன் வழி வந்தது, கிளிப்சிதான். பில்ட் ஸ்டேஜ் ஸ்லிமில் இருந்தால் நேட்டிவ் மாட்யூல்கள் ஒத்துப்போகும். டெபியன் பதிப்பும் நோட்டின் பெரும் பதிப்பும் இரண்டு ஸ்டேஜிலும் ஒன்றாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டெவ் பொதிகளை நீக்கியும் நோட்_மாட்யூல்ஸ் பெருத்தே இருக்கிறது

"டியூ -எஸ்ஹெச் நோட்_மாட்யூல்ஸ்/* | சார்ட் -ஹெச்" ஓட்டி, கடைசிப் பத்து வரியைப் பாருங்கள். அங்கே டைப்ஸ்கிரிப்டோ வெப்பேக்கோ தெரிந்தால், யாரோ அதை டெவ் பட்டியலில் போடாமல் சாதாரணப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள், அல்லது வேறொரு பொதி அதை இழுத்து வருகிறது. யார் இழுத்து வந்தது என்று "என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன்" சொல்லும். ஏடபிள்யூஎஸ் எஸ்டிகேயின் இரண்டாம் பதிப்பு இன்னும் இருந்தால் அதுவும் மேலே நிற்கும். எல்லாச் சேவைகளையும் ஒரே பொதியில் கட்டியது அது. மூன்றாம் பதிப்பில் வேண்டிய சேவையை மட்டும் எடுக்கலாம். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2025 செப்டம்பரில் முடிந்தும்விட்டது.

குரோமைக் கோடிலிருந்து இயக்கும் பப்பெட்டியர் இருந்தால் கணக்கே வேறு. அது இன்ஸ்டாலின்போது குரோமை இறக்கி, நோட்_மாட்யூல்ஸுக்கு வெளியே, ஹோம் அடைவின் ".கேஷ்/பப்பெட்டியர்" இடத்தில் வைக்கும். டெஸ்ட்டுக்கு மட்டும் என்றால் "பப்பெட்டியர்_ஸ்கிப்_டவுன்லோட்" அமைத்துத் தவிருங்கள். உண்மையிலேயே தேவை என்றால், மல்டி-ஸ்டேஜில் நோட்_மாட்யூல்ஸை மட்டும் காப்பி செய்துவிட்டு "குட் நாட் ஃபைண்ட் குரோம்" என்று ஏன் வருகிறது என விழிக்காதீர்கள். அந்த அடைவையும் கொண்டுவர வேண்டும்.

இன்னும் இறங்கிப் போக வேண்டுமானால் இஎஸ்பில்ட் கொண்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கலாம். நூற்றுக்கணக்கான எம்பி சில எம்பியாகச் சுருங்குவது பார்க்க ஆனந்தமாக இருக்கும். விலையும் உண்டு. ".நோட்" பைனரிகள் கோப்புக்குள் நுழையாது. பெயரை ரன்டைமில் கோத்துச் செய்யும் ரிக்வயர் உடையும். "டிர்நேம்" வைத்துத் தேடும் டெம்ப்ளேட் கோப்புகள் காணாமல்போகும். எல்லாவற்றையும்விட நயவஞ்சகமானது: ரிக்வயரை இடைமறித்து ஒட்டிக்கொள்ளும் ஓப்பன்டெலிமெட்ரி போன்ற கண்காணிப்புக் கருவிகள் பிழை எதுவும் காட்டாமல் மௌனமாகிவிடும்.

நெக்ஸ்ட் ஜேஎஸ் என்றால் கைவேலை வேண்டாம். அமைப்புக் கோப்பில் "அவுட்புட்: ஸ்டாண்ட்அலோன்" கொடுங்கள். அதற்குப் பிறகு பக்கம் அலங்காரமே இல்லாமல் மொட்டையாக வந்தால், "பப்ளிக்" அடைவையும் ".நெக்ஸ்ட்/ஸ்டாட்டிக்" அடைவையும் நீங்கள்தான் காப்பி செய்ய வேண்டும் என்பதை விட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: "டாக்கர் ஸ்டாப்" போட்டால் பத்து விநாடி தொங்கி, 137 என்று முடிகிறது

137 என்பது 128-உடன் 9. அதாவது சிக்கில் (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) வாங்கிச் செத்திருக்கிறது. கண்டெய்னரில் பிஐடி 1-ஆக, அதாவது முதல் செயலியாக ஓடுவதற்கு, தானாக ஒரு ஹேண்ட்லர் வைக்காதவரை சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்னல்) வந்தாலும் கெர்னல் அதை முடிக்காது. டாக்கர் பத்து விநாடி காத்திருந்துவிட்டு அடித்துவிடும். குபெர்னெட்டிஸ் 30 விநாடி பொறுக்கும். சிஎம்டியில் "என்பிஎம் ஸ்டார்ட்" இருந்தால் நோட்டுக்கும் சிக்னலுக்கும் நடுவே என்பிஎம்மும் ஷெல்லும் நிற்கின்றன. நேராக நோட்டையே கூப்பிடுங்கள். கோடில் சிக்டெர்முக்கு ஹேண்ட்லர் எழுதி, சர்வரையும் தரவுத்தள இணைப்பையும் மூடுங்கள். சைல்ட் பிராசஸ்களை உண்டாக்கும் ஆப் என்றால் "டாக்கர் ரன் --இனிட்" போதும், அல்லது டினி என்ற சிறு இனிட் நிரலை இமேஜிலேயே வைக்கலாம்.

அறிகுறி: ரூட்டிலிருந்து மாறியதும் "ஈஅக்சஸ்", அல்லது குபெர்னெட்டிஸ் கண்டெய்னரைத் தொடங்கவே மறுக்கிறது

காப்பி செய்த கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தம். படிப்பதற்கு அதனால் இடைஞ்சல் இல்லை. எழுதப் போனால்தான் ஈஅக்சஸ், அதாவது அனுமதி மறுப்பு. எங்கே எழுதுகிறதோ அந்த ஓர் அடைவை மட்டும், அது காலியாக இருக்கும்போதே உண்டாக்கி, நோட் பயனருக்குக் கொடுங்கள். முழு ஆப் அடைவையும் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. கோட் தன்னைத்தானே திருத்த முடியாமல் இருப்பதே நல்லது.

குபெர்னெட்டிஸ் "இமேஜ் ஹேஸ் நான்-நியூமரிக் யூசர்" என்று திருப்பி அனுப்பினால், "யூசர் நோட்" என்று பெயரால் எழுதியிருக்கிறீர்கள். ரன்ஆஸ்நான்ரூட் (ரூட்டாக ஓட விடாத அமைப்பு) இயக்கப்பட்டிருக்கும்போது அந்தப் பெயர் ரூட்டா இல்லையா என்று அதனால் சரிபார்க்க முடியாது. அதிகாரப்பூர்வ இமேஜில் நோட் பயனரின் எண் 1000. மேலே உள்ள டாக்கர்ஃபைலில் எண்ணாக எழுதியதற்கு அதுதான் காரணம். டிஸ்ட்ரோலெஸில் "நான்ரூட்" பயனரின் எண் 65532.

அறிகுறி: "எக்ஸெக் ஃபார்மட் எரர்"

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் கட்டிய ஆர்ம்64 இமேஜை இன்டெல் வகை சர்வரில் ஓட்டுகிறீர்கள். பில்டில் "--பிளாட்ஃபார்ம்=லினக்ஸ்/ஏஎம்டி64" கொடுங்கள். எமுலேஷனில் என்பிஎம் சிஐ ஆமை வேகத்தில் நகரும். அந்த பில்டைச் சொந்தக் கணினியில் செய்யாமல் சிஐ மெஷினுக்குத் தள்ளிவிடுவது உத்தமம்.